ராமசாஸ்திரியின் தீர்ப்பு

அரசனிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு, அரசனுடைய நகரத்திலேயே வசித்துக்கொண்டு, அந்த அரசனையே கொலைக் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்ன நியாயாதிபதி ஒருவர் நம் தேசத்தில் இருந்தார். அவர் கையில் வாள் இல்லை. அவருக்குப் பின்னால் படை இல்லை. சொன்ன தீர்ப்பை நிறைவேற்றும் சக்தி அவருக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. அது நிறைவேறவும் இல்லை. ஆயினும் மகாராஷ்டிர தேசத்தில் அந்தக் காலத்துச் சேனாபதிகள் பலருடைய பெயர் மறந்துபோன பின்னரும் ராமசாஸ்திரி என்ற பெயர் மறக்கப்படவில்லை. 1944-ல் அவருடைய சரித்திரத்தைப் பிரபாத் கம்பெனியார் பேசும் படமாகவும் எடுத்தார்கள். நம் பக்கத்தில் அவரைப் பற்றி விரிவாக அறிந்தவர்கள் குறைவு. வக்கீல் தொழிலிலிருந்து பத்திரிகைத் தொழிலுக்கு வந்த நமக்கு, இங்கிலாந்தின் நீதிபதிகளைப் பற்றிப் பரீட்சைக்காகப் படித்தபோது இவர் பெயரை எவரும் சொல்லித்தரவில்லை என்ற குறை உண்டு.

ராமசாஸ்திரி பிரபுணே பிறந்த ஊர் ஸதாராவுக்கு அருகே, கிருஷ்ணா நதியும் வெண்ணா நதியும் கூடுமிடத்திலுள்ள மாஹுலி. இளமையிலேயே தந்தையை இழந்தார். படிப்பு ஏறவில்லை. ஸதாராவில் ஒரு லேவாதேவிக்காரர் வீட்டில் எடுபிடி வேலை செய்து வயிறு வளர்த்தார். ஒரு நாள் எஜமானர் கால் கழுவத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்த பையன், அவர் காதில் தொங்கிய முத்துக் கடுக்கனைப் பார்த்து மெய்ம்மறந்து நின்றானாம். தண்ணீர் வேறெங்கோ விழுந்தது. எஜமானர் கோபித்து, இந்த ஆபரணங்கள் கல்வியாலோ வீரத்தாலோ சம்பாதிப்பவர்களுக்கு உரியவை, தண்ணீர் வார்ப்பவனுக்கு அல்ல என்று கடிந்தாராம். இது செவிவழிக் கதை. இருபது வயதை எட்டிய நிலையில் அவர் காசிக்குப் போய்ப் படிக்கத் தொடங்கினார். மற்றவர்கள் படிப்பை முடிக்கும் வயதில் தொடங்கியவர், தர்ம சாஸ்திரத்தில் தலைசிறந்த பண்டிதராகத் திரும்பி வந்தார். 1751-ல் புனாவில் பேஷ்வாவின் உத்தியோகத்தில் சாஸ்திரியாக அமர்ந்தார். 1759-ல் பிரதம நியாயாதிபதியானார்.

அந்த உத்தியோகம் எப்படிப்பட்டது என்பதை நேயர்கள் இன்றைய ஹைக்கோர்ட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கற்பனை செய்யக் கூடாது. அச்சிட்ட சட்டப் புத்தகம் கிடையாது. மிதாக்ஷரமும் ஊர் வழக்கமுமே சட்டம். சொத்து வழக்குகளைப் பெரும்பாலும் பஞ்சாயத்தார் விசாரித்தார்கள். ஊரில் மதிப்புள்ளவர்கள் கூடியிருந்து, இரு தரப்பாரும் கட்டுப்படுவதாக எழுதிக் கொடுத்த பிறகு, சாக்ஷிகளைக் கேட்டு முடிவு சொல்வார்கள். அந்த முடிவை ஒப்புக்கொள்வதும், தவறென்று தோன்றினால் திருப்புவதும் நியாயாதிபதியின் வேலை. வழக்கில் வென்றவனும் ஸர்க்காருக்குப் பணம் கட்ட வேண்டும், தோற்றவனும் கட்ட வேண்டும். ஆகவே வழக்கு என்பது ஸர்க்காருக்கு வருமானம். வருமானம் உள்ள இடத்தில் கை நீளுவது மனித இயல்பு. பணக்காரர்களும் பதவியில் இருந்தவர்களும் ராமசாஸ்திரியிடம் சில தடவை முயன்று பார்த்தார்கள். ஒரு முறை முயன்றவன் இரண்டாம் முறை துணியவில்லை என்று மராட்டிய சரித்திரத்தை எழுதிய கிராண்ட் டப் குறிப்பிடுகிறார். அன்றன்றைக்கு வேண்டிய தானியத்துக்கு மேல் வீட்டில் வைத்திருப்பதில்லை என்பது அவருடைய நியமம். இதைத் துறவு என்று சிலர் புகழ்வார்கள். நமக்கு இது தற்காப்பு என்று தோன்றுகிறது. மாலையில் வீட்டைப் பார்த்தால் காலையில் இருந்ததற்கு மேல் ஒன்றும் இல்லை என்பதை ஊர் முழுவதும் அறிந்திருந்தால், அவருடைய தீர்ப்பைப் பற்றித் தோற்றவன்கூட ஒரு வார்த்தை தவறாகச் சொல்ல முடியாது.

கோர்ட்டுக்கு வருகிற கிராமத்தான் சட்டம் என்ன சொல்கிறது என்று நம்மிடம் முதலில் கேட்பதில்லை. ஜட்ஜ் எப்படிப்பட்டவர் என்றுதான் கேட்கிறான். அந்தக் கேள்வியில் இருக்கும் அறிவை எண்ணி நாம் பல முறை வியந்ததுண்டு.

1761 ஜனவரியில் பானிபத்தில் மராட்டியர் படை அழிந்தது. அந்தத் துயரத்தால் பேஷ்வா பாலாஜி பாஜிராவ் அதே வருஷம் ஜூனில் இறந்தார். பதினாறு வயதுப் பிள்ளை மாதவராவ் பேஷ்வாவானான். பேஷ்வாக்களில் சிறந்தவன் அவனே என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அவனுக்கும் ஒரு பருவத்தில் ஜபதபங்களில் பித்து ஏற்பட்டது. ஒரு நாள் ராமசாஸ்திரி ராஜாங்க காரியமாகச் சென்றபோது, மாதவராவ் தியானத்தில் ஆழ்ந்திருந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. சாஸ்திரியார் பேசாமல் வந்துவிட்டார். மறுநாள் போய், தாம் காசிக்குப் புறப்பட விடை வேண்டும் என்றார். முந்தின நாளின் மரியாதைக் குறைவுக்காகத்தான் கோபம் என்று நினைத்த பேஷ்வா மன்னிப்புக் கேட்டான். ஆனால் பூஜையில் இருந்தது தவறல்ல என்றும் வாதித்தான். அதற்குச் சாஸ்திரியார் சொன்ன விடையின் சாரம் இது: பிராமணனாகப் பிறந்தவன் அரசாள வந்தால் குடிகளைக் காப்பதுதான் அவனுக்கு ஜபம். அது வேண்டாம், பிராமண தர்மமே போதும் என்றால் சிங்காதனத்தை விட்டு இறங்கித் தம்முடன் கங்கைக் கரைக்கு வரலாம். மாதவராவ் அன்றோடு அந்த அப்பியாசத்தை விட்டான். கிராமத்தாரைக் கூலியில்லாமல் மூட்டை சுமக்கச் செய்யும் வெட்டி வழக்கத்தை ஒழிக்க உத்தரவிட்டவனும் இந்த மாதவராவ்தான். தன்னைக் கடிந்த நியாயாதிபதியை வைத்துக்கொள்ளும் பெருந்தன்மை அவனிடம் இருந்தது. அதனால் சாஸ்திரியாருக்குப் பத்துப் பதினோரு வருஷ காலம் சோதனை என்று ஒன்று நேரவில்லை. நல்ல அரசன் இருக்கும்போது நியாயாதிபதியின் நேர்மை எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரிவதில்லை.

1772 நவம்பரில் மாதவராவ் க்ஷயரோகத்தால் மாண்டான். தம்பி நாராயணராவ் பேஷ்வாவானான். அவனுக்கு வயது பதினெட்டுக்கூட நிரம்பவில்லை. இவர்களுடைய சிற்றப்பன் ரகுநாதராவ், ராகோபா என்று அழைக்கப்படுபவன், பேஷ்வா பதவியின்மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்தவன். லாகூர் வரை படை நடத்திச் சென்ற வீரன். ஆனால் நிலைத்த புத்தி இல்லாதவன். நாராயணராவ் அவனைச் சனிவார் வாடா அரண்மனையிலேயே காவலில் வைத்திருந்தான்.

1773 ஆகஸ்டு 30-ந் தேதி. விநாயகர் விழா நடந்துகொண்டிருந்த நாட்கள். நடுப்பகல் கடந்த வேளையில், அரண்மனைக் காவலுக்கிருந்த கார்டிகள் என்ற கூலிப் படையினர் சம்பளப் பாக்கி கேட்கும் பாவனையில் கூச்சலிட்டுக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். சுமேர் சிங் என்பவன் தலைவன். தடுத்தவர்களை வெட்டினார்கள், எதிரே வந்த பசுவும் தப்பவில்லை. நாராயணராவ் ஓடினான். ஓடியவன் வேறெங்கும் போகவில்லை. சிற்றப்பனுடைய அறைக்குப் போய் அவனைக் கட்டிக்கொண்டு உயிர்ப்பிச்சை கேட்டான். அந்த இடத்திலேயே அவனை இழுத்து வெட்டினார்கள். பௌர்ணமி இரவுகளில் அந்தப் பிள்ளையின் அலறல் இன்னும் கேட்கிறது என்று புனா ஜனங்கள் சொல்வதுண்டு. அரண்மனை 1828-ல் தீக்கிரையாகிவிட்டது. இப்போது நிற்பவை மதில்களும் வாயில்களும் அஸ்திவாரங்களும்தான். ஆனாலும் கதை போகவில்லை.

மறுநாள் புனா என்ன செய்தது? இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ரகுநாதராவ் காவலிலிருந்து வெளியே வந்து அதிகாரத்தைக் கையில் எடுத்தான். கொலைகாரர்களுக்குத் தண்டனை இல்லை, பெருந்தொகைதான் கிடைத்தது. பழைய மந்திரிகள், மகா புத்திசாலிகள், நானா பட்னவிஸ் உள்பட, தங்கள் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள். சில வாரங்களில் ஸதாராவிலிருந்து பேஷ்வா பட்டத்துக்குரிய ஆடைகளும் வந்து சேர்ந்தன. எல்லோருக்கும் உண்மை தெரியும். எவரும் வாய் திறக்கவில்லை. இவர்களைக் கோழைகள் என்று எழுதிவிடுவது எளிது. வீட்டில் மனைவி மக்களும், தெருவில் கார்டிகளின் உருவிய கத்தியும் இருக்கும்போது மௌனமாக இருந்தவர்களைப் பழிக்க, சௌகரியமாக நாற்காலியில் அமர்ந்து எழுதுகிற நமக்கு அதிக யோக்கியதை இல்லை.

ராமசாஸ்திரி தம் வேலையைச் செய்தார். புது அரசனிடம் போய் வீர வசனம் பேசவில்லை. உடனே ராஜினாமாச் செய்யவும் இல்லை. கொலை நடந்திருக்கிறது, விசாரிப்பது நியாயாதிபதியின் கடமை என்று விசாரணை தொடங்கினார். ஏறக்குறைய ஆறு வாரம் சாக்ஷிகளைத் தேடி, சேவகர்களையும் காவலர்களையும் கேட்டு, சம்பந்தப்பட்டவர்கள் யார் யார் என்பதைத் திரட்டினார். இந்த ஆறு வாரத்தை நாம் அவருடைய ஜீவியத்தின் சிகரமாகக் கருதுகிறோம். தர்பாரில் ஒரு கணத்தில் காட்டும் துணிச்சல் பெரியதுதான். ஆனால் ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்து, நாளைக்குத் தாம் உயிரோடு இருப்போமா என்று தெரியாமல், சாக்ஷியின் வார்த்தைகளை நிதானமாகக் கேட்டு, எது உண்மை எது பயத்தால் சொன்னது என்று பிரித்துப் பார்ப்பது வேறு வகைத் துணிச்சல். குற்றவாளி இன்னான் என்று ஊரே சொல்லும்போதுகூட ருசு இல்லாமல் அவர் தீர்ப்புச் சொல்லவில்லை.

ருசு கிடைத்ததும் ரகுநாதராவிடமே நேரில் போய்க் குற்றத்தைச் சாட்டினார். அவன் முழுவதும் மறுக்கவில்லை. பிள்ளையைப் பிடித்து வைக்கும்படி எழுதிக் கொடுத்ததாகவும், கொல்லச் சொல்லவில்லை என்றும் கூறினான். அந்தச் சீட்டைச் சாஸ்திரியார் கைப்பற்றிப் பார்த்தபோது, பிடிக்கவும் என்று பொருள்படும் தராவே என்ற மராட்டிச் சொல்லின் முதல் எழுத்து திருத்தப்பட்டு, கொல்லவும் என்று பொருள்படும் மாராவே என்று ஆகியிருந்ததாம். திருத்திய கை ரகுநாதராவின் மனைவி ஆனந்திபாயுடையது என்று உலகம் நம்பிற்று. எழுத்தைத் திருத்திக் காரியத்தைக் கெடுப்பதற்கு மராட்டியில் இன்றும் இந்தக் கதையையே பழமொழியாகச் சொல்வார்கள். பிற்கால ஆராய்ச்சியாளரில் சிலர் இதை ஐயத்தோடு பார்க்கிறார்கள். வக்கீல் என்ற முறையில் நமக்கும் ஐயம் உண்டு. ஆனால் இந்தச் சீட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வழக்கு நிற்கிறது. பிடிக்க மட்டுமே சொன்னவன், கொலை செய்தவர்களைப் பிடித்துத் தண்டிக்க வேண்டுமே! அவர்களுக்குப் பணம் அல்லவா கொடுத்தான்.

அடுத்து ரகுநாதராவ் ஒரு கேள்வி கேட்டான். தண்டனை என்னவென்று கேட்கவில்லை. தன்னைத் தண்டிக்க வல்லவர் எவரும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். இந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தம் என்னவென்று கேட்டான். அதில் ஒரு தந்திரம் இருந்தது. நதி ஸ்நானம், கோதானம், பிராமண போஜனம் என்று சாஸ்திரியார் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும். அதைச் செய்துவிட்டு, பிரதம நியாயாதிபதியின் வாயாலேயே சுத்தமானவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு ஆளலாம். எல்லா அரசாங்கங்களும் நியாயாதிபதிகளிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான். அநியாயம் செய்யும்படி வெளிப்படையாகக் கேட்பவர் குறைவு. நடந்துபோன அநியாயத்துக்கு ஒரு முத்திரை மட்டும் குத்தித் தரும்படி கேட்பார்கள்.

ராமசாஸ்திரி முத்திரை குத்தவில்லை. உயிரை விடுவதைத் தவிர இந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தம் இல்லை என்றார். இனி வாழும் வாழ்க்கையில் இதை ஈடு செய்ய முடியாது, அவனும் அவன் அரசாங்கமும் தழைக்கப்போவதில்லை என்றார். அவன் ஆளும் வரையில் தாம் உத்தியோகம் ஏற்பதில்லை, புனா நகரத்துக்குள் காலெடுத்து வைப்பதில்லை என்றும் சொல்லிவிட்டு, வாயி என்ற ஊருக்கு அருகே ஒரு சிறு கிராமத்துக்குப் போய்விட்டார். சொன்னபடியே இருந்தார்.

பிராமணனுக்குக் கொலைத் தண்டனை இல்லை என்பது அந்த ராஜ்யத்தின் வழக்கம். ஒரே குற்றத்துக்குச் சாதிக்கு ஒரு தண்டனை என்பது அன்றைய நீதி. அதை நாம் மறைக்கப்போவதில்லை. பழைய காலமெல்லாம் பொற்காலம் என்று எழுதுவது நம் வழக்கமும் அல்ல. ஆனால் அப்படிப்பட்ட சட்டத்துக்குள் வளர்ந்த பண்டிதர், தாமும் பிராமணராக இருந்து, பிராமணனும் அரசனுமான ஒருவனுக்கு உயிர்தான் விலை என்று சொன்னார் என்பதை நினைக்கும்போது அந்தத் தீர்ப்பின் கனம் தெரியும்.

அவர் பதவியை விட்டுப் போனது சரியா என்று ஒரு கேள்வி எழலாம். நியாய ஸ்தலத்திலேயே இருந்து அடுத்து வரும் ஏழை வழக்காளிகளுக்காவது நீதி செய்திருக்கலாமே என்று கேட்கலாம். இந்த வாதம் லேசானதல்ல. கெட்ட அரசாங்கங்களில் நல்லவர்கள் பலர் இதைச் சொல்லியே உத்தியோகத்தில் இருந்திருக்கிறார்கள், அவர்களில் சிலர் உண்மையாகவே நன்மையும் செய்திருக்கிறார்கள். ஆனால் பிரதம நியாயாதிபதியின் விஷயம் வேறு. அவர் அந்த ஆசனத்தில் உட்கார்ந்திருப்பதே அரசன் நீதிமான் என்பதற்கு ஒரு சாக்ஷி. தாம் கொலைகாரன் என்று தீர்ப்புச் சொன்னவனுடைய பெயரால் அடுத்த நாள் ஒரு திருடனைத் தண்டிக்க அவரால் முடியுமா? திருடன் சிரிப்பான். விசாரணை முடியும்வரை இருந்தார். முடிந்த பிறகு போனார். இந்த வரிசைதான் முக்கியம். விசாரிக்காமல் போயிருந்தால் அது கோபம் என்று ஆகியிருக்கும்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரகுநாதராவ் படையெடுத்துத் தெற்கே போயிருந்தபோது, மௌனமாக இருந்த மந்திரிகள் ஒன்றுகூடினார்கள். பாராபாய் என்று அவர்களுக்குப் பெயர். கொலையுண்ட நாராயணராவின் மனைவி கங்காபாய் கர்ப்பவதியாக இருந்தாள். அவளைப் புரந்தர் கோட்டைக்குக் கொண்டுபோய்க் காத்தார்கள். 1774 ஏப்ரல் 18-ந் தேதி ஆண் குழந்தை பிறந்தது. நாற்பதாம் நாள் அந்தக் குழந்தைக்குப் பட்டம் கட்டினார்கள். ரகுநாதராவ் ஓடிப்போய் ஆங்கிலேயரிடம் சரண் புகுந்தான். 1775 மார்ச்சில் சூரத்தில் ஓர் உடன்படிக்கை எழுதி, ஸால்ஸெட் தீவையும் பஸ்ஸீனையும் விலையாகக் கொடுக்க ஒப்புக்கொண்டான். வெள்ளைக்காரக் கம்பெனி மராட்டியர் வீட்டுக்குள் நுழைந்த வாயில் இதுதான். ஏழு வருஷ யுத்தம். 1782-ல் சால்பாய் உடன்படிக்கையில் அவனுக்கு மாதம் 25,000 ரூபாய் பென்ஷன் கிடைத்தது, அரசு கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் இறந்தான். மந்திரிகள் எழுந்ததற்குச் சாஸ்திரியாரின் தீர்ப்புத்தான் முழுக் காரணம் என்று நாம் சொல்லவில்லை; பதவி, பகை, பயம் எல்லாம் கலந்திருந்தன. ஆனால் அவர்கள் ரகுநாதராவைக் கொலைகாரன் என்று அழைத்தபோது அது வெறும் கட்சிக்காரர்களுடைய வசவாக இருக்கவில்லை. ஏற்கெனவே ஒரு நியாயாதிபதி விசாரித்துச் சொன்ன வார்த்தையாக இருந்தது.

ராமசாஸ்திரியை நானா பட்னவிஸ் திரும்ப அழைத்தார். அவர் வந்து பழைய ஆசனத்தில் அமர்ந்து, 1789-ல் காலமாகும் வரை நீதி செலுத்தினார். கொலை நடந்த காலத்தில் தம்மோடு நில்லாத மந்திரிகளின் கீழ்தான் திரும்பி வந்து வேலை செய்தார். அதைப் பற்றி அவர் மனத்தாங்கல் கொண்டதாகத் தெரியவில்லை.

அவர் போன இரண்டே வருஷத்தில் புனா வேறொன்றைப் பார்த்தது. காசிராம் என்ற கோத்வால், தட்சிணைக்காக வந்திருந்த தெலுங்கு நாட்டுப் பிராமணர்களைப் பிடித்து, காற்றில்லாத ஒரு சிறு இடத்தில் அடைத்துவைத்தான். பலர் மூச்சுத் திணறி இறந்தார்கள். ஊர் கொதித்தது. விசாரணை நடக்கும், தீர்ப்பு வரும் என்று காத்திருக்க எவரும் தயாராக இல்லை. நானா கோத்வாலை ஜனங்களிடம் ஒப்புவிக்க நேர்ந்தது. 1791 ஆகஸ்டு மாதக் கடைசியில் அவனைக் கல்லால் அடித்தே கொன்றார்கள். பதினெட்டு வருஷத்துக்கு முன், அதே ஊரில், அதே ஆகஸ்டு மாதக் கடைசியில், பேஷ்வாவையே வெட்டிப் போட்டபோது ஒரு கிழ சாஸ்திரியின் விசாரணைக்காக ஆறு வாரம் பொறுத்திருந்த ஜனங்கள்தாம் இவர்கள்.

1796-ல் ரகுநாதராவின் மகன் இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவானான். அவன் ஜில்லா உத்தியோகங்களை அதிகப் பணம் கொடுப்பவனுக்குக் குத்தகை விட்டான். வரி வசூலோடு வழக்குத் தீர்ப்பதும் அந்தக் குத்தகைக்காரன் கைக்கே போயிற்று. 1818-ல் ராஜ்யம் கம்பெனி வசமாயிற்று. அடுத்த வருஷம் எல்பின்ஸ்டன் என்ற கமிஷனர், புதிதாகப் பிடித்த நாட்டைப் பற்றித் தம் மேலதிகாரிகளுக்கு ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். பஞ்சாயத்து முறையின் நன்மைகளையும், கடைசிக் காலத்தில் லஞ்சம் அதைக் கெடுத்த விதத்தையும் அதில் விவரித்தார். அதே வருஷங்களில் ஸதாராவில் அதிகாரியாக இருந்த கிராண்ட் டப், தம் சரித்திரத்துக்காகப் பழைய தஸ்தாவேஜுகளைத் திரட்டிக்கொண்டும் முதியவர்களை விசாரித்துக்கொண்டும் இருந்தார். சாஸ்திரியார் இறந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது, அரசே போய்விட்டது. ஆனால் வழக்காளிகள் வந்து நிற்கும்போது, ராமசாஸ்திரி காலத்துப் பஞ்சாயத்தில் இப்படித் தீர்ந்தது என்று ஒரு தீர்ப்பைக் காட்டினால், அதை இன்னும் முன்மாதிரியாக ஒப்புக்கொள்ளுகிறார்கள் என்று 1826-ல் வெளியான அந்தப் புத்தகத்தில் அவர் எழுதிவைத்தார்.